கிழக்கு பார்த்த லாரி

பக்தியைக் கொண்டே ஒரு டீசல் இன்ஜினைக் கொன்றுவிட முடியும் என்பதைத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரகடத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை எனக்குத் தெரிந்து இன்ஜினைக் கொல்பவை இரண்டே: எண்ணெய் ஊற்ற மறப்பது, முதலாளியின் மருமகனிடம் சாவியைக் கொடுப்பது.

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் மெஷின் ஃபிட்டர். எங்கள் முதலாளி பழைய வாளி மெஷின் ஒன்றை, மெட்ராஸுக்குப் பக்கம் மண்ணூரில் புதிதாகத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு விற்றார். கொசுறாக என்னையும் அனுப்பினார். மெஷினை இறக்கி, மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். "உனக்கும் சொந்த ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார் அந்தச் சீனர். என் சொந்த ஊர் கிள்ளான். இதை நான் தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுக வாசலில் டீக்கடைக்காரர் "பூர்வீக மண்ண மிதிச்சிட்டீங்க சார்" என்று சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் என் டீயில் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார். பூர்வீக மண்ணில் நான் முதலில் மிதித்தது வேறு ஒன்று. அதைச் சொல்ல வேண்டாம்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மாடுகளின் கொம்பில் இன்னும் வர்ணம் உதிராமல் இருந்தது. வெயில் எங்கள் ஊர் வெயிலில் பாதிகூட இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் வெயிலைத்தான் காரணம் சொன்னார்கள்.

மெஷினை ஏற்றியது டில்லிபாபுவின் லாரியில். அவர்தான் ஓனர், அவர்தான் டிரைவர், கிளீனரும் அவர்தான். நாற்பது வயது, சேரப்பணஞ்சேரிக்காரர். பத்து வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகப் பழைய லாரி ஒன்று வாங்கியிருந்தார். துறைமுகத்திலிருந்து மண்ணூருக்குப் பூந்தமல்லி வழியாகப் போனால் நேர் வழி. டில்லி படப்பை வழியாகப் போனார். ஏன் என்று கேட்டேன். "வூட்ல சாப்பாடு கீது சார்" என்றார். எட்டு டன் மெஷினைச் சோற்றுக்காகச் சுற்றுவழியில் ஓட்டிப்போகும் ஒரு மனிதரை நான் கிள்ளானில் பார்த்ததில்லை. சோறு நன்றாகத்தான் இருந்தது. அவர் மனைவி சரோஜா கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயும் வைத்திருந்தார். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சுற்றுவழி பற்றி அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் கிளம்பினோம். ஒரகடம் நெருங்கும்போது டில்லி வலது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது உள்ளங்கையைப் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடி மேல் வைத்தபடியே ஓட்டினார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோல் இருந்தது. சூடு காட்ட மீட்டர் இருக்கும்போது கை எதற்கு என்றேன்.

"மீட்டரு பொய் சொல்லும் சார். போன வருசம் ரெண்டு தபா முள்ளு நடுவுலயே நின்னுக்கினு இருந்திச்சி. இன்ஜின் வெந்து பூடிச்சி."

இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் மேல்மூடி வளைந்துவிடும். ஹெட் என்பார்கள். அதைக் கழற்றி, அடிப்பக்கத்தை மழமழவென்று சீவிச் சமப்படுத்தித் திரும்ப மாட்டுவார்கள். டில்லியின் ஹெட்டை ஏற்கெனவே இரண்டு முறை சீவியாகிவிட்டது.

"இன்னொரு தபா சீவறதுக்கு அதுல சதை இல்ல சார். இன்னொரு தபா வெந்தா வண்டி அவ்ளோதான். எடைக்குப் போட்டுட்டு மறுபடியும் எவன் வண்டிக்காவது டிரைவராப் போவணும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கையை மூடி மேல் வைத்துக்கொண்டார்.

அவர் சொல்லி முடித்துக் கால் மணி நேரம் இருக்காது, ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் முழுக்க ரோட்டில் போயிற்று. டில்லி உடனே இன்ஜினை நிறுத்திவிட்டதால் சேதமில்லை. நல்லவேளையாக ஒரகடம் கூட்டுரோட்டில் அவர் மச்சானின் ஷெட் இருந்தது. கல் ஏற்றிப்போன ஒரு லாரி எங்களைச் சங்கிலி கட்டி இழுத்துப்போய் அங்கே விட்டது. நல்லவேளை என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அப்போது தெரியாது.

கன்னியப்பன் சரோஜாவின் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய கிரீஸ். ஷெட் என்றால் நான்கு கம்பமும் ஓலைக் கூரையும், அதன் முன்னால் ஏரிவரைக்கும் இறங்கிப்போகும் மண் தரையும். அந்த நாளில் அங்கே தொழிற்சாலை என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் வயலும் செங்கல் சூளையும். பத்து மைலுக்கு எந்த லாரி படுத்தாலும் கன்னியப்பனிடம்தான் வரும். கை சுத்தமான வேலைக்காரர். அதை நான் மறுக்கவில்லை. ஹோஸைக் கால் மணியில் மாற்றினார். கிளிப்பை அவர் முறுக்கிய விதத்தில் நானே ஒன்று கற்றுக்கொண்டேன்.

அப்புறம் தண்ணீர் ஊற்றும் சடங்கு ஆரம்பித்தது. சடங்கு என்று கேலிக்குச் சொல்லவில்லை. லாரியைத் தள்ளி, மூக்கு ஏரியைப் பார்க்க நிறுத்தினார்கள். ஏரி கிழக்கே இருந்தது. ரிப்பேர் ஆன வண்டி முதல் தண்ணியைக் கிழக்கு பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். பம்பரில் கற்பூரம் ஏற்றினார். மஞ்சள் கலந்த குடத்தைத் தூக்கி, ரேடியேட்டர் வாயில் ஒரே தாரையாகக் கவிழ்த்தார். ஒரு குடம் தீருமுன் அடுத்த குடம் அவர் கைக்கு வந்தது.

"தாரை அறுபடக் கூடாது சார்" என்று டில்லி என் காதில் சொன்னார். "அறுந்தா வண்டிக்கு ஆவாது."

பஞ்சருக்காக நின்றிருந்த நெல்லூர் டிரைவர் ஒருவர் தன் கிளீனரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கர்கள், எனக்குப் புரிந்தது. "நம்ம வண்டியை இங்க விடாதே. குளிப்பாட்டி மாலை போட்டு அனுப்பிடுவாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் வாய்வரை நிறைந்து தளும்பியதும் மூடியைத் திருகி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலேசியாவில் இதையே செய்ய ஒரு பையன், ஒரு ஹோஸ் பைப், வாயில் ஒரு சிகரெட் போதும். அங்கே யாரும் விழுந்து கும்பிடுவதில்லை.

இருட்டிவிட்டதால் ஷெட்டிலேயே படுத்தோம். செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா இட்லியும் வடகறியும். வடகறி என்பது நேற்று விற்காத வடையை இன்று விற்பதற்குக் கண்டுபிடித்த வழி என்பது என் முடிவு. இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். லாரி கிளம்பியது. மூன்று மைல் போயிருப்போம். மீட்டர் முள் நடுவில் அழகாக நின்றது. டில்லி மூடி மேலிருந்த கையை வெடுக்கென்று எடுத்தார், இன்ஜினை நிறுத்தினார். வண்டி ஓரமாக உருண்டு நின்றதும் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. முள் அப்போதும் நடுவில்தான் இருந்தது. கை மட்டும் இல்லாமல் மீட்டரை நம்பியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

வழியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "மேல ஒரு பக்கெட்டு பச்சத் தண்ணி ஊத்துங்க, ஆறிடும்" என்றார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். டில்லி அவரைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுபடியும் ஷெட். ஆறும்வரை காத்திருந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். ஹெட் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து மோர் மாதிரி ஆகியிருக்கும். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. டில்லி கம்பியை நான்கு தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

இப்போது என் முறை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அவர் சும்மா இருக்கக் கூடாதல்லவா. ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. தண்ணீர் சூடாகும்வரை வழியை அடைத்து வைத்திருந்து பிறகு திறந்துவிடும் சின்ன வால்வு அது.

"அத புடுங்கிப் போட்டு வருசமாச்சி. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார் கன்னியப்பன்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதான் காரணம், இதேதான் என்று கையை ஆட்டிப் பிரசங்கம் செய்தேன். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் வேலையை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றும் சொன்னேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கன்னியப்பன் மட்டும் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

வால்வு வாங்க மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் பஸ்ஸில் போனேன். போனேன் என்பதைவிட, பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு என் சட்டை போயிற்று, அதன் பின்னால் நானும் போனேன் என்பது சரி. கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே என்று ஒரு இடம் இருப்பதாக அவர் ஒருவர்தான் நம்பினார். என் காலின் மேல் கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, தாம்பரம் தாண்டியதும் "எந்த ஊரு நைனா?" என்று கேட்டார். மலேசியா என்றேன். "அப்ப இன்னாத்துக்கு பஸ்ல வர்ற?" என்றார். புதுப்பேட்டையில் உலகத்து லாரிகள் அத்தனையும் கழற்றிப்போட்ட உறுப்புகள் குவிந்திருந்தன. வால்வு கிடைத்தது. அதே படியில் தொங்கிக்கொண்டு இருட்டும் நேரத்தில் திரும்பினேன்.

புதன்கிழமை காலை என் வால்வைக் கன்னியப்பன் மறுபேச்சில்லாமல் மாட்டினார். அப்புறம் கிழக்கு, கற்பூரம், அறுபடாத தாரை. எனக்கு அவசரம். மறுநாள் காலை மண்ணூருக்கு மெட்ராஸிலிருந்து கிரேன் வருகிறது. அந்த ஒரு நாள்தான் வரும். இடையில் மெஷினை வேறு லாரிக்கு மாற்றலாம் என்றால் ஒரகடத்தில் கிரேன் கிடையாது. ஆகவே அந்த லாரிதான் போக வேண்டும், அதே ஹெட்டோடுதான் போக வேண்டும்.

இரண்டு மைல்கூடப் போகவில்லை. இந்த முறை டில்லியின் கை சுடும் முன்பே கருகும் பெயின்ட் வாடை வந்தது. இன்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளே கடகடவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. முந்தின நாளைவிட மோசம். என் வால்வு வேலையைக் கெடுத்திருந்தது. ஏன் என்பது மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. அப்போதைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊருக்கு உபதேசம் செய்த நிபுணர், வாயில் ஈ போவது தெரியாமல் ரோட்டோரம் நின்றார்.

டில்லி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புளியமரத்தடியில் குந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "பத்து வருசம் கை கட்டி நின்னேன் சார். மறுபடியும் நிக்கணும்" என்றார்.

மறுபடியும் சங்கிலி, மறுபடியும் ஷெட். எண்ணெய் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த முறை தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. செய்தி போய், சரோஜா மத்தியானச் சோற்றுத் தூக்கோடு வந்துவிட்டார். யாரும் சாப்பிடவில்லை. நான் கொஞ்சம் சாப்பிட்டேன்.

"வெயிலு" என்றார் கன்னியப்பன்.

"இன்னா வெயிலு?" என்றார் டில்லி. மச்சானிடம் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "சித்திர மாசத்துல கர்னூலு போயாந்தேன். வழியில ரெண்டு எடத்துல தண்ணி ரொப்பினேன். ஒண்ணும் ஆவல. வெளியூர்ல எங்க ரொப்பினாலும் ஒண்ணும் ஆவறதில்ல. இங்க வந்து ரொப்பிக்கினு போனாத்தான் வேவுது."

"அப்ப என் ஷெட்டுக்கு ராசியில்லன்றியா மாப்ள?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் தளும்பிய தண்ணீர் மண்ணில் கோடு போட்டிருந்தது. லாரியின் மூக்குக்குக் கீழே சொட்டிய தண்ணீர் ஒரு பொட்டுகூடப் பின்னால் போகவில்லை. அத்தனையும் ஏரியைப் பார்க்க முன்னால் ஓடியிருந்தது.

எழுந்து போய் டில்லியிடம் குடத்தை வாங்கி, பாதி தண்ணீர் ஊற்றி, லாரி நிற்கிற மாதிரியே முன்பக்கம் தாழச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். குடத்தின் வாய் தாழ்வான பக்கம். வாய்வரை தண்ணீர் நிறைந்து வழிகிறது. பின்பக்கம் உயரத்தில் காற்று அப்படியே நிற்கிறது. "இதுதான் உங்க இன்ஜின். மூக்கு கீழ, பின்பக்கம் மேல. தண்ணி நெறைஞ்ச மாதிரி தெரியுது, ஹெட்டோட பின்கோடியில காத்து மாட்டிக்கிச்சி. ஒரே தாரையா கவுத்தா வெளிய வர்றதுக்கும் அதுக்கு வழியில்ல. மீட்டருக்குச் சூடு சொல்ற பல்பு அங்கதான் இருக்கு. அது காத்துல நிக்கிது, தண்ணியோட சூடு அதுக்கு எப்படித் தெரியும்? நான் மாட்டுன வால்வும் அதே கதைதான். சுடுதண்ணி பட்டாத்தான் தெறக்கும், காத்து பட்டா தெறக்காது." கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

வண்டியைத் திருப்பி, மேட்டைப் பார்க்க நிறுத்த வேண்டும் என்றேன். மேடு மேற்கே இருந்தது.

கன்னியப்பன் எழுந்துவிட்டார். "மேக்கால பாத்து என் கையால தண்ணி ஊத்த மாட்டேன். இருவது வருசத்துல ஒரு வண்டிக்கும் ஊத்தினதில்ல. அது ஆவாது."

லாரி டில்லியுடையது, ஹெட்டும் டில்லியுடையது, ஆனாலும் மச்சானை எதிர்த்து நிற்க அவருக்கு வாய் வரவில்லை. இந்த மரியாதை என்கிற வியாதி எங்கள் ஊர் தமிழர்களிடமும் இருக்கிறது; ஆனால் இவ்வளவு முற்றியதை நான் பார்த்ததில்லை. பேசியது சரோஜா.

"அண்ணா, கெழக்கால பாத்து நின்னே ரெண்டு தபா வெந்திச்சி. ஆவாததுன்னா அதான் ஆவாதது. நீ ஊத்த வேணாம். நா ஊத்தறேன்."

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தார். கன்னியப்பன் ஷெட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நிமிடம் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி, டில்லி வண்டியை வளைத்து மேட்டில் மூக்கை ஏற்றி நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சரோஜா மெல்லிசாக ஊற்றினார். ஊற்றுவார், நான் கை காட்டுவேன், நிறுத்துவார். நான் மேல் ஹோஸைக் கையால் பிசைந்தேன். குபுக் குபுக்கென்று குமிழி வந்தது. அது அடங்கியதும் மறுபடி ஊற்றினார். வாய்வரை நின்றதும் மூடியைப் போடாமலே டில்லி இன்ஜினைக் கிளப்பினார்.

கால் மணி நேரம் இன்ஜின் ஓடியது. முள் மெல்ல ஏறியது. மூன்று நாளில் முதல் தடவையாக அது நகர்வதைப் பார்த்தேன். டில்லியின் கை சாவி மேலேயே இருந்தது. "அணைச்சிடவா சார்?" என்று மூன்று முறை கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் நிச்சயமில்லை. முந்தின நாள் வால்வு விஷயத்திலும் நான் இவ்வளவு நிச்சயமாகத்தானே பேசினேன்.

திடீரென்று ரேடியேட்டர் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. வால்வு திறந்துவிட்டது. வாய்வரை இருந்த தண்ணீர் கண்ணெதிரே உள்ளே இறங்கிக் காணாமல் போயிற்று. சரோஜா ஊற்ற ஊற்ற அது வாங்கிக்கொண்டே இருந்தது. அரைக் குடம் வாங்கியது. அப்புறம் நின்றது, குமிழியும் நின்றது. முள் நடுவுக்கு வந்து, அங்கேயே நிலைத்தது. இந்த முறை அது உண்மையான நடு.

டில்லி இன்ஜின் மூடி மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. அப்படியே அதன் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

கன்னியப்பன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, என் பின்னால் நின்றிருந்தார். பாதி காலியான குடத்தை வாங்கிப் பார்த்தார். "இவ்ளோ காத்தா உள்ள இருந்திச்சி?" என்றார். பிறகு தயங்கி, "அப்ப போன வருசம் ரெண்டு தபா வெந்திச்சே சார்... அது?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று நாளாகப் பட்ட எரிச்சல், படியில் தொங்கிய எரிச்சல், என் வால்வுக்கு நேர்ந்த அவமானம் எல்லாம் சேர்ந்துகொண்டது. "அதே காத்துதான் அண்ணே. ரெண்டு தபாவும் ஹெட்ட நீங்கதான் வேக வெச்சீங்க. கற்பூரம் ஏத்தி" என்றேன்.

நெல்லூர் டிரைவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அங்கே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. டில்லி மச்சானைப் பார்த்தார், கீழே பார்த்தார், ரேடியேட்டர் மூடியைத் திருகினார், "ஏறு சார்" என்றார். சரோஜா அண்ணன் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். கன்னியப்பன் கை அப்படியே நீட்டியபடி நின்றது. எனக்கு அந்தக் கணமே வெட்கமாகிவிட்டது, ஆனால் லாரி கிளம்பிவிட்டது.

வியாழக்கிழமை கிரேன் வந்தது, மெஷின் இறங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் வாளி விழுந்தது. சிவப்பு வாளி. மண்ணூர் முதலாளி அதற்குக் குங்குமம் வைத்தார். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என்னைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் விட டில்லி லாரியோடு வந்தார். ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டி தானாக நின்றதுபோல் நின்றது. கன்னியப்பன் வெயிலில் தனியாக மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டின் முன்னால், ஏரிப் பக்கமாக, இடுப்பளவு கிராவல் மேடு எழுந்திருந்தது. லாரியின் முன்சக்கரம் ஏறி நிற்கும் அகலம். அதில் ஏறி நின்றால் வண்டி கிழக்கையும் பார்க்கும், மூக்கும் மேலே தூக்கும்.

நான் இறங்கிப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே பேசினார்.

"வண்டிய மேக்கால திருப்பு, திருப்புன்னு நின்னியே சார். மண்ண ஒசத்துன்னு ஒனக்குத் தோணல பாரு." பிறகு மண்ணெண்ணெய்க் கடைப் புனல் ஒன்றை எடுத்துக் காட்டினார், மூக்கு விரல் கனம். "இதுல ஊத்தினா தாரையும் அறுபடாது, காத்தும் வெளிய வந்துக்கும். செரிதான?"

சரிதான். இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் நான். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. சரி என்று சொன்னேன். கிராவல் யார் கொடுத்தது என்று கேட்டேன். கன்னியப்பன் லாரியைப் பார்த்தார். "ரெண்டு லோடு கொண்ணாந்து கொட்டினான். பேசல. கொட்டிட்டுப் பூட்டான்."

டில்லி வண்டியை விட்டு இறங்கவேயில்லை. ஸ்டேஷனில் பெட்டியை இறக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு என்றேன்.

"நீ சொன்னது நெசந்தான சார்" என்றார். பெட்டியைக் கீழே வைத்து, அதன் மேல் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "வேணும்னே கெடுத்திருந்தா ஒதைச்சிட்டு வேலையப் பாத்திருப்பேன். அந்த மனுசன் போன வருசம் ரெண்டு தபாவும், என் வண்டி நல்லா ஓடணும்னு காலேலேந்து பச்சத் தண்ணி பல்லுல படாம வெரதம் இருந்துட்டுத்தான் சார் ஊத்தினாரு. அவர நா இன்னான்னு கேப்பேன்?"